பரீட்சையா, பிரம்படியா? சீனப் பிள்ளைகள் தடம் மாறுவது எதனால்

கேள்வி இதுதான்: "சீனாவில் பதின்ம வயதுப் பிள்ளைகள் மேல் படிப்புச் சுமை பயங்கரம் என்கிறார்கள். அங்கே நடக்கிற சிறார் குற்றங்களுக்கு அந்தச் சுமைதான் காரணமா? சொந்த வாழ்க்கையின் நெருக்கடி ஒரு பிள்ளையைக் குற்றம் வரைக்கும் கொண்டுபோய்விடுமா?"

கொண்டுபோகும். எந்த நெருக்கடி என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். பரீட்சைக்காக ராத்திரி பதினொரு மணி வரை கண்விழிக்கிற பிள்ளை பெரும்பாலும் குற்றத்துக்குப் போவதில்லை. அவனுக்குத் தூக்கம் கெடும், வயிறு கெடும், மனசு சோர்ந்துபோகும். அந்த வலி உள்ளேயே சுருண்டு கிடக்கும். அடுத்தவன் மேல் கை ஓங்குகிற பிள்ளையிடம் இருப்பது, 'எனக்கு அநியாயம் பண்ணிவிட்டார்கள்' என்கிற கொதிப்பு. அதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லாமல் போகும்போது அது தெருவுக்கு வருகிறது.

ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறேன். செஜியாங் மாகாணத்து ஜின்ஹுவா நகரம், 1999 நவம்பர் கடைசி. மேல்நிலைப் பள்ளியில் படிக்கிற 17 வயதுப் பையன். பெற்றோர் கூட்டத்துக்குப் போன அம்மாவுக்கு, மகன் வகுப்பில் 18-வது ரேங்க் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து அவனை அடி அடியென்று அடித்தார். இனி எல்லாப் பரீட்சையிலும் முதல் பத்துக்குள் வந்தாக வேண்டும் என்றார். பையனுக்குக் கால்பந்து என்றால் உயிர். இன்னொரு தடவை பந்து விளையாடப் போனால் காலை உடைத்துவிடுவேன் என்றார். அப்பாவுக்கு வெளியூரில் ரயில்வே வேலை, வீட்டில் இருப்பதே அபூர்வம். அந்த அம்மாவும் கல்நெஞ்சக்காரி இல்லை. வேலைக்கும் போய், மிச்ச நேரத்தில் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்து, அந்தக் காசையும் மகன் படிப்புக்கே போட்டவர். 2000 ஜனவரி 17, மதியம். பையன் கொஞ்ச நேரம் டிவி பார்க்க நினைத்தான். மறுபடியும் ரேங்க் பேச்சு எழுந்தது. அவன் சுத்தியலை எடுத்தான். அம்மா இறந்துபோனார். அவனுக்குப் 15 ஆண்டு சிறை.

நாடே அதிர்ந்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி அன்றைய அதிபர் ஜியாங் ஜெமின் கல்வியைப் பற்றித் தனியாகவே பேச வேண்டியதாயிற்று. பிள்ளைகள் மேல் படிப்புச் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சும் அங்கே அப்போது பெரிதாக எழுந்தது. 'பரீட்சைதான் கொன்றது' என்றே பெரும்பாலோர் புரிந்துகொண்டார்கள்.

வகுப்பில் இந்த வழக்கை எடுக்கும்போதெல்லாம் மாணவர்களை ஒரு நிமிடம் பரீட்சையை மறக்கச் சொல்வேன். அந்த வீட்டில் என்னென்ன நடந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எட்ட முடியாத இலக்கு ஒன்று. உயிராக நினைத்த விளையாட்டைப் பிடுங்கிக்கொண்டது ஒன்று. அடி, மிரட்டல் இன்னொன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் அக்னியூ 1992-ல் வகுத்த பொது அழுத்தக் கோட்பாடு இந்த மூன்றைத்தான் பேசுகிறது: ஆசைப்பட்டது கிடைக்காமல் போவது, அருமையானதை இழப்பது, வேண்டாததைத் தினமும் தாங்க வேண்டியிருப்பது. அவருக்கு முன்னால், 1938-ல், ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளரும் இதே திசையில் யோசித்தவர்தான். ஆனால் அவர் பேசியது பணத்தையும் அந்தஸ்தையும். எல்லோருக்கும் ஆசையை ஊட்டிவிட்டு நேர்வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைத்தால் மற்றவர்கள் குறுக்குவழி தேடுவார்கள் என்றார். அக்னியூ அந்த யோசனையைக் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் கொண்டுவந்தார். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பணக்கவலையைவிட, அப்பா எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்ததுதான் பெரிய விஷயம் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

அவர் கோட்பாட்டின் நடுவில் இருப்பது உணர்ச்சி. நெருக்கடி நேராகக் குற்றத்தை உண்டாக்குவதில்லை. முதலில் மனசில் ஏதோ ஒன்றைக் கிளப்புகிறது. அது சோகமாக இருந்தால் பிள்ளை ஒடுங்கிப்போகிறது. கோபமாக இருந்தால் கை நீளுகிறது. ஏனென்றால் கோபத்துக்கு ஒரு முகவரி உண்டு. 'இவன்தான் காரணம்' என்று யாரையாவது காட்டிவிட்டுத்தான் கோபம் வரும்.

2001-ல் அக்னியூ இன்னும் ஒரு படி போனார். சீனாவைப் புரிந்துகொள்ள அதுதான் மிகவும் உதவும் என்பது என் எண்ணம். எல்லா நெருக்கடியும் குற்றத்துக்குத் தள்ளாது என்றார். அநியாயம் என்று பிள்ளைக்குத் தோன்றுவது, மிகப் பெரிதாக இருப்பது, பிள்ளையைக் கண்காணிக்கிற கண்கள் குறைவாக இருக்கிற இடத்தில் வருவது, தப்பான வழிக்குப் போகத் தூண்டுகிற சகவாசத்தோடு வருவது, இவைதான் ஆபத்தானவை. பெற்றோரால் ஒதுக்கப்படுவது, கண்டபடி அடிபடுவது, ஆசிரியரிடம் அவமானப்படுவது, சக மாணவர்களின் கொடுமை எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைப்பதால் வருகிற சுமை அதில் வராது. சுமை இருக்கிறது, கூடவே ஆளும் இருக்கிறார்கள், அதனால்.

சரி, இதெல்லாம் அமெரிக்காவில் எழுதியது, சீனாவுக்குப் பொருந்துமா? பொருந்துகிறது என்று சீன மாணவர்களிடமே ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டார்கள் வான்-நிங் பாவோ என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும். வீட்டில், பள்ளியில், நண்பர்களிடையே உறவு கசந்துபோவது பிள்ளைகளின் தவறான நடத்தையோடு தொடர்புள்ளது என்று கண்டார்கள். கோபம் அடிதடிக்குக் கொண்டுபோனது. உள்ளுக்குள் புழுங்குகிற வன்மமோ கை ஓங்காத தவறுகளுக்கு இட்டுச் சென்றது. மதிப்பெண்ணைவிட மனிதர்களே அங்கே முக்கியமாகத் தெரிகிறார்கள்.

இப்போது சீன வீட்டுக்குள் வருவோம். அங்கே ஒரு பழமொழி உண்டு: அடிப்பது பாசம், திட்டுவது அன்பு. நம் ஊரில் 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பார்களே, அதே சங்கதி. அணைக்கிற கை கூடவே இருந்தால் பிள்ளை அந்த அடியை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. அடிக்க மட்டும் வருகிற கையாக இருந்தால் அது பாசமாகத் தெரிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. 'அடுத்த வீட்டுப் பிள்ளை' என்று சீனர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு நூறு வாங்கும், பியானோ வாசிக்கும், பெரியவர்களைக் கண்டால் வணங்கும், மூன்றாம் மனிதர் முன்னால் ஒரு வார்த்தை அதிகம் பேசாது. எந்த வீட்டிலும் நேரில் பார்க்க முடியாத அந்தப் பிள்ளையோடு தன்னை ஒப்பிட்டே ஒவ்வொரு சீனப் பிள்ளையும் வளர்கிறது. 1980 வாக்கில் தொடங்கி 2015 வரை நீடித்த, வீட்டுக்கு ஒரே பிள்ளை என்கிற கொள்கை இதை இன்னும் இறுக்கியது. அப்பா, அம்மா, இரண்டு பக்கத் தாத்தா பாட்டி என்று ஆறு பேருடைய ஆசையும் ஒரே தலையில். பங்குபோட அண்ணன் தம்பி கிடையாது.

வகுப்பறையில் அந்த ஒப்பீடு கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே நடக்கும். 'ஒரு மதிப்பெண் கூடினால் ஆயிரம் பேரைத் தாண்டலாம்' என்று பேனர் தொங்கவிட்ட பள்ளிகள் உண்டு. ரேங்க் வரிசைப்படி மாணவர்களையே கூப்பிட்டு இடம் தேர்ந்தெடுக்கச் சொல்கிற வழக்கமும் பல இடங்களில் இருந்தது. முதல் ரேங்க் வாங்கியவன் உள்ளே போய் நடு வரிசையில் உட்கார்வான். கடைசி ரேங்க் பையன் வராந்தாவில் நின்று, ஐம்பது பேர் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, மிஞ்சின நாற்காலிக்குப் போவான். ஒரு பருவம் முழுக்க அவன் இடம் அது. பரீட்சை அவனுக்கு மூன்று நாளில் முடிந்துவிடும், அந்த நாற்காலி முடியாது.

எல்லோரும் பேசுவது காவோகாவோ என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வைப் பற்றி. வழக்கமாக ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும். 2024-ல் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். ஆனால் தடம் மாறுகிற பிள்ளைகளில் பலர் அந்தத் தேர்வு வரைக்கும் வருவதே இல்லை. அவர்கள் தேங்கிப்போவது அதற்கு மூன்று வருஷம் முன்னால், ஜோங்காவோ என்கிற தேர்வில். பதினைந்து வயதில் எழுதுகிற அந்தத் தேர்வுக்குப் பிறகு பாதிக்குச் சற்று மேலான பேருக்குத்தான் பொதுக் கல்வி மேல்நிலைப் பள்ளியில் இடம். மற்றவர்கள் தொழிற்பள்ளிக்கு. தொழில் கற்பது கேவலமில்லை. ஆனால் 'நீ தேறவில்லை' என்று ஊரும் உறவும் முத்திரை குத்திவிடுகிற இடமாகவே அதைப் பார்க்கிறார்கள். படிக்கும் காலத்தில் சுமை இருந்தது, கூடவே நம்பிக்கையும் இருந்தது. இப்போது சுமை போய்விட்டது, நம்பிக்கையும் போய்விட்டது, கண்காணிக்கிற கண்களும் போய்விட்டன. அவமானம் மட்டும் தங்கிவிட்டது. அக்னியூ சொன்ன ஆபத்தான கலவை இந்த வயதில், இந்த இடத்தில்தான் சேருகிறது.

இதைவிடப் பெரிய கதை கிராமத்தில். சீனாவில் 1958-ல் வந்த ஹுகோவ் என்கிற குடிப்பதிவு முறை இன்னும் இருக்கிறது. ஹெனானிலோ குயிஜோவிலோ பதிவு உள்ள குடும்பம் பிழைப்புக்கு குவாங்டோங் போகலாம், தொழிற்சாலையில் வேலை பார்க்கலாம். பிள்ளையை அந்த ஊரின் அரசுப் பள்ளியில் சேர்ப்பது கஷ்டம். சேர்த்துவிட்டாலும் காவோகாவோ எழுதப் பெரும்பாலும் சொந்த மாகாணத்துக்கே திரும்ப வேண்டும். அதனால் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். இவர்களுக்கு லியுஷோவ் எர்துங் என்று பெயர். பின்தங்கி விடப்பட்ட பிள்ளைகள் என்று பொருள்.

எத்தனை பேர்? பெற்றோரில் ஒருவராவது வெளியூரில் இருக்கிற கிராமப் பிள்ளைகளை எண்ணி, 2013-ல் அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு 6 கோடியே 10 லட்சம் என்றது. 2016-ல் அரசு கணக்கெடுத்தபோது 90 லட்சம் என்று வந்தது. மூன்று வருஷத்தில் பெற்றோர் எல்லாம் ஊர் திரும்பிவிடவில்லை, வரையறையைச் சுருக்கிவிட்டார்கள். 16 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், அப்பா அம்மா இருவரும் வெளியூரில் இருக்க வேண்டும், அல்லது ஒருவர் வெளியூரிலும் மற்றவர் கவனித்துக்கொள்ள முடியாத நிலையிலும் இருக்க வேண்டும். அப்படிச் சுருக்கிய கணக்கிலும் 80 லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் தாத்தா பாட்டி பொறுப்பில் இருந்தார்கள். 3 லட்சத்து 60 ஆயிரம் பேருக்குப் பொறுப்பாளர் என்று யாருமே இல்லை.

அப்படி ஒரு வீட்டு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். பாட்டியின் போனில் வீடியோ கால். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தங்கும் விடுதிக் கட்டிலில் அம்மா. ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பு முகத்தில். "சாப்பிட்டியா? படிச்சியா? பாட்டி சொல்ற பேச்சைக் கேளு." மூன்று கேள்விக்கும் "ம்" என்று பதில். அந்த வாரம் பள்ளி விடுதியில் பெரிய பையன்கள் அவனுடைய சாப்பாட்டுக் காசைப் பிடுங்கிக்கொண்டு, கழிப்பறையில் முட்டிபோட வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் அம்மா அழுவாள், பாட்டி பயப்படுவாள். வகுப்பாசிரியரிடம் போனால் 'நீ என்ன பண்ணினே' என்று திருப்பிக் கேட்பார். அதனால் சொல்லவில்லை. அம்மா போனை வைத்துவிடுகிறாள். அடுத்த வாரம் அவனுக்கு ஆதரவாக ஒரு கூட்டம் கிடைக்கிறது: 'எங்களோடு சேர்ந்துக்கோ, உன் மேல ஒருத்தனும் கை வைக்க மாட்டான்.'

அவன் சேர்ந்த காரணத்தை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். அவனுக்குக் கெட்டவனாக ஆசை இல்லை. அடி வாங்காமல் இருக்க ஆசை.

2001-க்குப் பிறகு கிராமத்துச் சிறு பள்ளிகளை மூடி, ஊருக்கு ஒன்றாக இருந்ததை நகரத்துப் பெரிய பள்ளியோடு சேர்க்கிற கொள்கை பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. அதனால் ஏழெட்டு வயதிலேயே விடுதிக்குப் போக வேண்டியதான பிள்ளைகள் ஏராளம். பாட்டியின் கண்காணிப்பில் இருப்பதும் அதோடு போயிற்று.

கூட்டம் சேர்ந்தால் கோபம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு, நினைத்தாலே மனசு கனக்கிற ஓர் உதாரணம் உண்டு. 2002 ஜூன் 16 அதிகாலை, பெய்ஜிங்கின் பல்கலைக்கழகப் பகுதியில் இருந்த லான்ஜிசு என்கிற இன்டர்நெட் மையம். 13, 14 வயதுப் பையன்கள் இருவர் உள்ளே விடாமல் விரட்டப்பட்டிருந்தார்கள். இருவருமே வீடு சிதைந்துபோன பிள்ளைகள். பெட்ரோல் வாங்கி வந்து தீ வைத்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. 25 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். அந்த ஆண்டே, 18 வயதுக்குக் கீழே யாரையும் இன்டர்நெட் மையத்துக்குள் விடக்கூடாது என்று விதி வந்தது. விரட்டப்பட்டது பெரியவர்களுக்குச் சின்ன விஷயம். வீட்டில் இடமில்லாத பிள்ளைக்கு, இருந்த ஒரே இடமும் மூடிக்கொண்டது போல.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு நெருக்கடி குறைவில்லை. ஆனால் கோபத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்து வருவதால் அவர்களில் பலர் அடுத்தவரைத் தாக்காமல் தங்களையே காயப்படுத்திக்கொள்கிறார்கள். குற்றக் கணக்கில் வரவில்லை என்பதால் அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். 2021 முதல் 2023 வரை மூன்று ஆண்டில் சீன நீதிமன்றங்கள் தண்டித்த சிறார்கள் 98,426 பேர். தண்டிக்கப்பட்ட மொத்தக் குற்றவாளிகளில் இது 2 முதல் 2.5 சதவீதம். கோடிக்கணக்கான பிள்ளைகள் மேலே சொன்ன நெருக்கடிகளோடு வளர்கிற நாட்டில் இந்த எண் சிறியது. அப்படியானால் மிச்சப் பேரைத் தாங்கிப் பிடிப்பது எது? பெரும்பாலும் ஓர் ஆள். பேத்தி முகத்தைப் பார்த்தே என்னவோ சரியில்லை என்று கண்டுபிடிக்கிற பாட்டி. ஒரே வகுப்பை மூன்று வருஷம் கூடவே கொண்டுபோகிற பான்ஜுரென் என்கிற வகுப்பாசிரியர். சீனப் பள்ளியில் அந்தப் பதவிக்கு உள்ள பலம் பெரியது. நல்லவராக அமைந்தால் அவர் பாதிப் பெற்றோர். மனசைப் புண்படுத்துகிறவராக அமைந்தாலோ, அவரே பிள்ளையின் மிகப் பெரிய நெருக்கடி.

இதன் மறுபக்கமும் உண்டு. 2024 மார்ச்சில் ஹெபெய் மாகாணத்து ஹான்டானில், 13 வயது மாணவன் ஒருவனை வகுப்புத் தோழர்கள் மூவர் சேர்ந்து, கைவிடப்பட்ட காய்கறிக் கூடாரத்தில் கொன்று புதைத்தார்கள். அவர்களும் பின்தங்கி விடப்பட்ட பிள்ளைகள் என்று செய்தி வந்ததும், அப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்க்கிற பேச்சு கிளம்பியது. இது அநியாயம். அந்தக் கொடூரத்தை எந்த அழுத்தக் கோட்பாட்டாலும் முழுதாக விளக்கிவிட முடியாது, விளக்கவும் முயலக் கூடாது. பெற்றோர் வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் குற்றம் செய்பவர்களாக இருப்பதைவிட, மற்றவர்களின் கொடுமைக்கு ஆளாகிறவர்களாகவே அதிகம் இருக்கிறார்கள் என்பதுதான் என் புரிதல். 2015-ல் குயிஜோவின் பிஜியே பகுதியில், பெற்றோர் இல்லாமல் தனியே இருந்த நான்கு உடன்பிறப்புகள் இறந்தே போனார்கள். அவர்கள் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை.

அரசு என்ன செய்திருக்கிறது? தண்டனைப் பக்கம்: 2021 மார்ச் 1 முதல், கொலை போன்ற மிகக் கொடிய குற்றங்களுக்கு மட்டும், உச்ச வழக்குத்தொடர் அமைப்பின் ஒப்புதலோடு, 12 வயதுப் பிள்ளை மீதும் வழக்குத் தொடரலாம். அதற்கு முன் எல்லை 14. ஹான்டான் வழக்கில் இந்த விதிதான் பயன்பட்டது. ஒருவனுக்கு ஆயுள், ஒருவனுக்கு 12 ஆண்டு, மூன்றாமவனுக்குச் சீர்திருத்தக் கல்வி என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சுமைப் பக்கம்: 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான லாப நோக்கு டியூஷன்களுக்குத் தடை. அடுத்த மாதமே சிறார்களுக்கு ஆன்லைன் விளையாட்டு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்று கட்டுப்பாடு. இவற்றால் நகரத்து நடுத்தர வர்க்கப் பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கலாம். விடுதிக் கழிப்பறையில் முட்டிபோட்ட பையனுக்கு டியூஷனே கிடையாதே.

என் கண்ணில் சரியான திசையில் வைத்த அடி வேறொன்று. 2021 ஜூனில் அமலுக்கு வந்த திருத்தப்பட்ட சிறார் குற்றத் தடுப்புச் சட்டம், அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடுவது, ராத்திரி வீட்டுக்கு வராமல் இருப்பது, வீட்டைவிட்டு ஓடுவது ஆகியவற்றைக் குற்றத்துக்கு முந்தைய படியாக வைத்து, அங்கேயே தலையிடச் சொல்கிறது. 2022 ஜனவரி 1 முதல் குடும்பக் கல்வி ஊக்குவிப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில நாளில் சாங்ஷா நகரின் தியான்சின் வட்டார நீதிமன்றம் ஒரு தாய்க்கு ஆணையே பிறப்பித்தது. மகளை வேலைக்காரியோடு தனியே விட்டிருந்தவர் அவர். மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும், வாரம் ஒரு முறையாவது வகுப்பாசிரியரிடம் பேச வேண்டும் என்றது நீதிமன்றம்.

அந்த ஆணையைப் படித்தபோது நியாயமாகத்தான் இருந்தது. அதே ஆணையை குவாங்டோங் தொழிற்சாலை விடுதியில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்பினால் அவர் என்ன செய்வார்? மகனைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவருக்கும் ஆசைதான். விடுதி அறையில் எட்டுக் கட்டில்கள், அந்த ஊர்ப் பள்ளி கேட்கிற குடிப்பதிவு அவரிடம் இல்லை.